காவலன் அறியாத சொல்



வங்கியில் ஒருவர் கணக்குத் தொடங்கும் நாளன்று, ஒரு சிறிய அட்டையில் அவருடைய கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்வது நெடுநாளைய வழக்கம். மாதிரிக் கையெழுத்து என்று அதற்குப் பெயர். பின்பு அவருடைய காசோலை வரும்போது, எழுத்தர் அந்த அட்டையை எடுத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒத்திருந்தால் பணம் கிடைக்கும். ஒவ்வாதாயின் காசோலை திரும்பிவிடும். மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் நிதி தோன்றியது 1872-ஆம் ஆண்டில். அந்தக் காலத்திலிருந்தே நம் நகரத்து மக்கள் காகிதத்தையும் கையெழுத்தையும் நம்பித் தம் சேமிப்பைப் பிறரிடம் கொடுத்து வைத்துப் பழகியவர்கள்.

இந்த முறையிலே ஒரு குறை உண்டு. அட்டை வைத்திருக்கும் பெட்டி திருடன் கையில் சிக்கினால், அவன் அதைப் பார்த்து எழுதிப் பழகிக்கொள்ளலாம். ஆயினும் கையெழுத்துக்கு ஒரு கை வேண்டும், பழக்கம் வேண்டும், எழுத்தரின் கண்ணை ஏமாற்றும் திறமையும் வேண்டும். கணிப்பொறியின் கடவுச்சொல்லுக்கோ இவை ஒன்றும் வேண்டுவதில்லை. ஒருமுறை கண்ணிலே பட்டால் போதும். பார்த்தவன் அக்கணமே உரியவன் ஆகிவிடுகிறான். கடவு என்றால் வழி. வழியைத் திறக்கும் சொல் கடவுச்சொல். எவன் சொன்னாலும் வழி திறந்துவிடும்.

ஆகவே ஒரு கேள்வி எழுகிறது. நூறாயிரம் பேருடைய கடவுச்சொற்களைச் சரிபார்க்க வேண்டிய ஒரு நிறுவனம், அந்தச் சொற்களை எங்கே, எந்த உருவத்தில் வைத்துக்கொள்வது? பூட்டிய பெட்டியில் வைப்பதா? பூட்டுக்கும் சாவி ஒன்று உண்டே, அது எங்கே இருப்பது? இந்தக் கேள்விக்குக் கணிப்பொறி அறிஞர்கள் கண்ட விடை மிகவும் விந்தையானது. அந்தச் சொற்களை வைத்துக்கொள்ளவே வேண்டாம் என்பதுதான் அது. சொல்லை அறியாமலே சொல் சரியா தவறா என்று சொல்ல முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

முதலிலே, வைத்துக்கொண்டவர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-ஆம் ஆண்டில் ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் ஏற்பாடு ஒன்றைப் பெர்னாண்டோ கார்பட்டோ என்பவரும் அவர் குழுவினரும் காட்டினார்கள். பலர் கூடும் இடமாதலால் ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் தேவைப்பட்டது. எல்லாச் சொற்களும் ஒரே கோப்பிலே எழுத்துக்கு எழுத்து எழுதப்பட்டிருந்தன. 1962-இல் அல்லன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவருக்குத் தமக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை. எந்தக் கோப்பையும் அச்சிட்டுத் தரும்படி ஒரு துளையட்டையின் மூலம் கேட்கும் வசதி அங்கே இருந்தது. வெள்ளிக்கிழமை இரவு கடவுச்சொல் கோப்பையே அச்சிடக் கேட்டு அட்டையைப் போட்டார்; சனிக்கிழமை விடியற்காலையில் போய்த் தாளை எடுத்துக்கொண்டார். பெரிய தந்திரம் ஒன்றும் அவர் செய்யவில்லை. கேட்டார், கிடைத்தது, அவ்வளவே.

அதே ஏற்பாட்டிலே பின்னொரு நாள் இதனினும் வேடிக்கையான நிகழ்ச்சி நடந்தது. பொறுப்பாளர் ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். மற்றொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். மென்பொருளில் இருந்த ஒரு பிழையினால் இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன் பின் உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும், அன்றைய அறிவிப்பு வரவேண்டிய இடத்தில் எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன! காமராசர் சாலையில் உள்ள இந்த நிலையத்திலிருந்து நான் பேசுவது எத்தனை பேர் காதில் விழுந்தாலும் நன்மையே. அந்தக் கோப்போ அப்படி ஒலிபரப்புவதற்கு உரியதன்று.

இந்த நிகழ்ச்சியிலே திருடன் எவனும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தெளிவாக எழுதி வைத்த ஒன்று என்றேனும் ஒருநாள் தவறியாவது வெளியே வந்துவிடும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ராஜர் நீதாம் என்பவர் 1960-களில் இதற்கு ஒரு வழி சொன்னார். கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைக்காமல், ஓர் ஒருவழிக் கணக்குக்கு உட்படுத்தி, வரும் விடையை மட்டும் எழுதி வையுங்கள் என்றார். மோரிஸ் வில்க்ஸ் 1968-இல் வெளியிட்ட நூலிலே இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது.

ஒருவழிக் கணக்கு என்றால் என்ன? மயிலாப்பூரிலே காப்பிக்கொட்டையை வறுத்துக் கண்முன்னே அரைத்துத் தரும் கடைகள் உண்டு. பீபெரி இவ்வளவு, பிளாண்டேஷன் இவ்வளவு, சிக்கரி இவ்வளவு என்று சொன்னால் அந்தக் கணக்குப்படியே பொடி வரும். நாளைக்குச் சென்று அதே கணக்கைச் சொன்னாலும் அதே பொடிதான். ஆனால் பொடியைக் கொடுத்துக் கொட்டையைத் திரும்பக் கேட்டால் கடைக்காரர் என்ன செய்வார்? கொட்டையிலிருந்து பொடிக்குப் போகலாம். பொடியிலிருந்து கொட்டைக்கு வர இயலாது. ஒருவழிக் கணக்கின் இயல்பும் இத்தகையதே.

எண்ணிலே ஒரு சிறு எடுத்துக்காட்டுத் தருகிறேன். தாளும் எழுதுகோலும் இருந்தால் நீங்களே செய்து பார்க்கலாம். உங்கள் இரகசிய எண் 4871 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அதனாலேயே பெருக்கினால் 23726641 வரும். முன்னும் பின்னும் இவ்விரண்டு இலக்கங்களை நீக்கிவிட்டு நடுவில் உள்ள நான்கை மட்டும் எடுத்தால் 7266. இந்த 7266-ஐ மட்டும் நான் என் ஏட்டிலே எழுதிக்கொள்கிறேன், 4871-ஐ மறந்துவிடுகிறேன். நாளை நீங்கள் வந்து 4871 என்று சொன்னால், மறுபடியும் பெருக்கி, நடு இலக்கங்களை எடுத்து, ஏட்டோடு ஒப்பிடுவேன். 7266 என்று வந்தால் நீங்கள் உரியவர். ஓர் இலக்கம் தவறி 4872 என்று சொன்னாலோ 7363 என்று வரும், கதவு திறக்காது. என் ஏட்டைத் திருடியவனுக்கு 7266 கிடைக்கும். அதை அவன் கதவிலே வந்து சொன்னால், நான் அதையும் பெருக்கித்தான் பார்ப்பேன், அது வேறொன்றாகிவிடும்.

இது விளையாட்டுக் கணக்கு. நான்கு இலக்கமே உள்ளதால் 0000 முதல் 9999 வரை பத்தாயிரத்தையும் பெருக்கிப் பார்த்து ஒருவன் விடையைக் கண்டுபிடித்துவிடலாம். உண்மையில் வழங்கும் கணக்குகள் பல சுற்றுகளாக எழுத்துகளைக் கலக்கி அரைப்பவை. ஓர் எழுத்து மாறினாலும் விடை முழுவதும் உருமாறிப்போகும். ஹாஷ் என்று அந்த விடையைச் சொல்வார்கள். சமையலிலே கொத்திக் கலப்பதற்கு ஆங்கிலேயர் வழங்கும் சொல் அது. தமிழிலும் இப்போது மாணவர்கள் அதையே வழங்குவதால் நானும் அதையே வழங்குகிறேன்.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். கடவுச்சொற்களை மறைகுறியாக்கம் செய்து வைத்திருக்கிறோம் என்று பல நிறுவனங்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. மறைகுறியாக்கம் என்பது பூட்டு. சாவி கொண்டு பூட்டியதைச் சாவி கொண்டு திறக்கலாம், திறப்பதற்காகத்தான் பூட்டுகிறோம். கடிதத்துக்கு அது வேண்டியதே, ஏனெனில் பெறுபவர் அதைப் படிக்க வேண்டும். கடவுச்சொல்லை யார் படிக்க வேண்டும்? ஒருவரும் படிக்க வேண்டியதில்லை! பின்பு திறக்கக்கூடிய பூட்டு எதற்கு? 2013-இல் அடோபி நிறுவனத்திலிருந்து சுமார் 15 கோடிப் பதிவுகள் வெளியே போயின. அவற்றிலே கடவுச்சொற்கள் எல்லாம் ஒரே சாவியால் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தன. ஒரே சாவியாதலால் ஒரே சொல்லை வைத்திருந்தவர்களுக்கு ஒரே மறைகுறி வந்தது. போதாக்குறைக்கு, மறந்துபோனால் நினைவூட்டுவதற்காக அவரவர் எழுதி வைத்த குறிப்புகள் பக்கத்திலேயே தெளிவாக இருந்தன. ஆயிரம் பேர் ஒரே சொல்லுக்கு ஆயிரம் விதமாகக் குறிப்பு எழுதியிருந்தால், அந்தச் சொல் இன்னதென்று ஊகிக்கச் சாவி எதற்கு?

ஹாஷ் முறையும் இந்த ஆபத்துக்கு முற்றிலும் தப்பியதன்று. கணக்கு யாவருக்கும் ஒன்றே. ஆகவே ஒரே சொல்லுக்கு ஒரே ஹாஷ்தான் வரும். மயிலையிலே பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேர் கபாலி என்றும் கற்பகம் என்றும் வைத்திருப்பார்களோ, நான் அறியேன். பக்தியைக் குறை கூறவில்லை. ஆனால் கள்வனுக்கும் அந்தப் பெயர்கள் தெரியும் அன்றோ? அவன் ஊர்ப் பெயர், சாமி பெயர், நடிகர் பெயர், அகராதிச் சொல் ஆகிய எல்லாவற்றுக்கும் முன்னதாகவே ஹாஷ் கணக்கிட்டுப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்வான். திருடிய ஏட்டைப் பட்டியலோடு பொருத்திப் பார்ப்பதுதான் அவனுக்கு மிச்சம். இதைத் தடுக்க வந்ததுதான் உப்பு.

உப்பு என்று நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அந்தத் துறையிலே வழங்கும் பெயரே அதுதான். பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் ஆகிய இருவரும் யூனிக்ஸ் ஏற்பாட்டுக்காகச் செய்ததை 1979-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒவ்வொருவருடைய கடவுச்சொல்லோடும் கணிப்பொறியே தற்செயலாகத் தேர்ந்தெடுத்த சில குறிகளைக் கலந்து, அதன் பின்பே அரைப்பது அவர்கள் முறை. அந்தக் குறிகள் 4096 வகைப்படும். ஹாஷின் பக்கத்திலேயே அவற்றையும் எழுதி வைப்பார்கள், அது இரகசியமன்று. இரகசியமல்லாத ஒன்றால் என்ன பயன் என்று கேட்பீர்கள். ஒரே சொல்லை வைத்திருக்கும் இருவருக்கு வெவ்வேறு உப்பு. ஆதலால் வெவ்வேறு ஹாஷ். கள்வனுடைய பழைய பட்டியல் வீணாகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. இன்று ஒவ்வொருவருக்கும் வழங்கும் உப்பு இன்னும் நீளமானது. இருவருக்கு ஒன்றாக வருவது நடைமுறையில் இல்லை எனலாம்.

அதே கட்டுரையில் அவர்கள் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்த கதையும் இருக்கிறது. அவற்றிலே 15 ஒரே ஓர் எழுத்து! 72 இரண்டு எழுத்து. மூன்றெழுத்து, நான்கெழுத்து, அகராதியில் உள்ள சொல் என்று எளிதில் அகப்படக்கூடியவற்றை எல்லாம் கூட்டினால் 2,831 வந்தது, நூற்றுக்கு 86. கணிப்பொறியோடு பழகிய மனிதர்களின் நிலையே அது.

நம் நாட்டிலே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உணவு விடுதிகளைத் தேடித் தரும் சொமாட்டோ நிறுவனம், தன்னிடமிருந்து சுமார் 1 கோடி 70 இலட்சம் பேருடைய பதிவுகள் களவு போனதாக 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிவித்தது. அவற்றிலே 66 இலட்சம் பேருடைய கடவுச்சொல் ஹாஷ்களும் அடங்கும். கள்வன் உள்ளே நுழைந்தது எவ்வாறு? அதை அந்த நிறுவனமே பின்பு விளக்கியது. 000வெப்ஹோஸ்ட் என்னும் வேறொரு நிறுவனம், முற்றிலும் வேறான தொழில் செய்வது, தன் வாடிக்கையாளரின் கடவுச்சொற்களைத் தெளிவான எழுத்திலே வைத்திருந்தது. 2015-இல் அது களவாடப்பட்டது. சொமாட்டோவின் மென்பொருள் ஆசிரியர் ஒருவர் அங்கே சொந்தமாக ஒரு கணக்கு வைத்திருந்தார். அங்கே வைத்த அதே சொல்லை, நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் என்னும் இடத்திலும் வைத்திருந்தார். அந்தச் சொல்லைக் கொண்டு கள்வன் நிறுவனத்தின் நிரலைப் படித்தான். நிரலில் இருந்த ஓட்டையைக் கண்டான். அதன் வழியாகத் தரவுத்தளத்துக்குள் புகுந்தான்.

இந்தக் கதையைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு ஒருவர் முகம் அறியாத இரண்டு நிறுவனங்கள். முதலாவது அலட்சியமாக இருந்தது. இரண்டாவதன் வாடிக்கையாளர் இலட்சக்கணக்கானோர் அதன் பலனை அனுபவித்தார்கள். நாம் ஒருவருடைய கடவுச்சொல்லை வைத்திருக்கிறோம் என்றால், நம் கடையின் சாவியை மட்டும் வைத்திருப்பதாக எண்ணுவது பிழை. அவருடைய மின்னஞ்சல், வங்கிக்கணக்கு, அலுவலகம் ஆகியவற்றின் சாவியாகவும் அது இருக்கலாம். பலரும் ஒரே சொல்லைப் பல இடங்களில் வைக்கிறார்கள். வைக்காதீர்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் வைக்கத்தான் வைக்கிறார்கள். நம் நாட்டிலே 2011-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வெளியான விதிகள், கூர்ந்து காக்கவேண்டிய தனிமனிதத் தகவல்களை வரிசைப்படுத்தியபோது கடவுச்சொல்லையே முதலில் வைத்தன.

சொமாட்டோவிலிருந்து போன ஹாஷ்களை ஆராய்ந்தவர்கள், அவை எம்.டி.5 என்னும் கணக்கால் உப்புச் சேர்த்து அரைத்தவை என்று கண்டார்கள். உப்பு இருந்தது; அப்படியானால் குறை என்ன? வேகம்தான் குறை. எம்.டி.5 விரைவாகக் கணக்கிடுவதற்கென்றே அமைந்தது. படங்களைத் திரையில் காட்டுவதற்கு வந்த நுண்சில்லுகள் நொடிக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட முறை அதைக் கணக்கிடவல்லவை. ஆங்கிலச் சிற்றெழுத்து எட்டாலான சொற்கள் எத்தனை உண்டாகும்? சுமார் 20,900 கோடி. கேட்கவே மலைப்பாக இருக்கிறது. நொடிக்கு நூறு கோடி என்றால் அத்தனையையும் அரைத்துப் பார்க்க மூன்றரை நிமிடம் போதும். மாம்பலம் நிலையத்தில் மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும் நேரம்கூட ஆகாது!

கணிப்பொறித் துறையிலே எல்லோரும் வேகத்தை நாடுகிறார்கள். இந்த ஓரிடத்தில்தான் மந்தம் சிறப்பு. 1999-இல் நீல்ஸ் புரோவோஸ், டேவிட் மாசியேர் என்னும் இருவர் பிகிரிப்ட் என்ற கணக்கை வெளியிட்டார்கள். எவ்வளவு மந்தமாக நடக்க வேண்டும் என்பதை நாமே அதில் நிர்ணயிக்கலாம். இயந்திரங்கள் விரைவடைய விரைவடைய நாமும் மந்தத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். ஒருமுறை அரைக்க நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும்படி அமைத்தால், உரிய மனிதருக்கு அந்தத் தாமதம் தெரியவே தெரியாது. கள்வனோ அதே 20,900 கோடிச் சொற்களையும் ஓர் இயந்திரத்தில் முயன்றால் 660 ஆண்டுகள் ஆகும். ஆயிரம் இயந்திரம் கொண்டு வந்தாலும் எட்டு மாதம். 2015-இல் நடந்த ஒரு போட்டியில் வென்ற ஆர்கான்2 இன்னும் ஒருபடி மேலே போகிறது. நேரத்தோடு நினைவகத்தையும் மிகுதியாகக் கேட்பதால், மலிவான சில்லுகளை ஆயிரக்கணக்கில் அடுக்கும் கள்வனின் உபாயம் செலவு மிக்கதாகிவிடுகிறது. ஆனால் ஒருவர் கபாலி என்று வைத்திருந்தால் எந்த மந்தமும் அவரைக் காக்காது. பட்டியலின் முதற்பக்கத்திலேயே அகப்பட்டுக்கொள்வார்.

அடையாற்றின் பக்கத்திலே ஒரு கல்லூரியில் நான் கணிப்பொறி பயிற்றுவிக்கிறேன். இறுதியாண்டு மாணவர்கள் நூலகத்துக்கோ மருந்துக் கடைக்கோ ஒரு தரவுத்தளம் அமைத்துக்கொண்டு வருவார்கள். பயனாளர் அட்டவணையைத்தான் முதலில் திறந்து காட்டச் சொல்வேன். அதிலே கடவுச்சொல் என்ற பத்தியைக் கண்ணால் படிக்க முடிந்தால், மற்றவற்றைப் பார்ப்பதில்லை. ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: "மறந்துபோயிற்று என்று ஒருவர் வந்தால் அவருடைய சொல்லை எப்படி சார் எடுத்துக் கொடுப்பது?" நல்ல கேள்வி. எடுத்துக் கொடுக்கவே முடியாமல் இருப்பதுதான் நம் ஏற்பாட்டின் சிறப்பு என்றேன். புதிய சொல் ஒன்றை அமைத்துக்கொள்ள, சிறிது நேரமே செல்லக்கூடிய ஒரு வழியை அவருடைய மின்னஞ்சலுக்கு அனுப்ப வேண்டும். அந்த வழியின் இரகசியக் குறியையும் தரவுத்தளத்தில் ஹாஷாகத்தான் வைக்க வேண்டும். இல்லையேல் முன்வாசலை அடைத்துவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்ததாகும்.

இதனாலே உங்களுக்கு ஓர் எளிய சோதனையும் கிடைக்கிறது. தியாகராய நகரில் உள்ள ஒரு கடையின் இணையக் கணக்குக்கு நான் வைத்த சொல் மறந்துபோயிற்று. மறந்துவிட்டேன் என்று தெரிவித்தேன். இரண்டு நிமிடத்தில் நான் வைத்திருந்த பழைய சொல்லையே அழகாக எழுதி அனுப்பிவிட்டார்கள்! சேவை விரைவானதுதான். ஆனால் எழுதி அனுப்ப முடிந்தது என்றால் படிக்க முடிந்தது என்று பொருள். அன்றே அந்தக் கணக்கை முடித்துக்கொண்டேன். உங்களுக்கும் எங்கேனும் பழைய சொல் அப்படியே திரும்பி வந்தால், அங்கே உங்கள் சொல் பாதுகாப்பாக இல்லை என்று தயங்காமல் முடிவு செய்யலாம்.

நல்ல முறையில் அரைத்து வைத்தவர்களும் சறுக்கியது உண்டு. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், அப்போது டுவிட்டர் என்று வழங்கிய நிறுவனம் தன் 33 கோடிப் பயனாளரையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. தரவுத்தளத்திலே பிகிரிப்ட் இருந்தது; ஆனால் அரைப்பதற்கு முன்னே, நடப்பவற்றைக் குறித்து வைக்கும் உள்நாட்குறிப்பில் சொற்கள் அப்படியே பதிவாகிக்கொண்டிருந்தன. அரைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலே கொட்டை சிந்திக் கிடந்தது போலத்தான்.

இனி, பழைய ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டவர் என்ன செய்வது? நாளை நீங்கள் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேருகிறீர்கள். அங்கே பத்து ஆண்டுக்கு முந்தைய எம்.டி.5 ஹாஷ்கள் இலட்சம் இருக்கின்றன. அவற்றைப் பிகிரிப்டாக மாற்ற வேண்டும். சொல் உங்களுக்குத் தெரியாதே! தெரியக்கூடாது என்பதுதானே ஏற்பாடு! ஆகையால் உரியவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர் வந்து தம் சொல்லைத் தட்டும் அந்த ஒரு கணம் மட்டும் அது நிரலின் கையில் இருக்கும். பழைய முறையில் சரிபார்த்து, உடனே புதிய முறையில் அரைத்து எழுதிவிட்டுப் பழையதை அழித்துவிடலாம். சிலர் ஆண்டுக்கணக்காக வரமாட்டார்கள். அவர்களுக்காக, இருக்கும் பழைய ஹாஷையே ஒரு சொல்லாகக் கொண்டு, புதிய உப்பிட்டு, பிகிரிப்டில் மறுபடியும் அரைத்து வைத்துவிடலாம். அவர்கள் என்றேனும் வரும்போது இரண்டு முறை அரைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் சரியாகிவிடும். அந்த வேலை முடிந்ததும் பழைய பத்தியை அழிப்பதோடு, அது அடங்கிய பழைய நகல்கள் எந்தெந்த அலமாரியில் கிடக்கின்றன என்றும் தேடிப் பாருங்கள்.